நூறு கிலோமீற்றருக்குப் பதினான்கு லீற்றர்

2025 பெப்ரவரி 10, திங்கள்

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் தருகிறார்கள். அதில் பத்து நிமிடத்தை இதற்கு எடுக்கிறேன். இந்தக் கொப்பி ஃபக்டரி லொக்கரில்தான் இருக்கும், வீட்டுக்குப் போகாது. வீட்டில் புருஷனை 'இஞ்சருங்கோ' என்று கூப்பிடுகிறவள் நான். இதற்குள் 'அவன்' என்றுதான் எழுதுவேன். என்னைக் கேட்க ஆருமில்லை.

என் சின்னக் காரை ஷெல்டன் போன மாதம் விற்றுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் வேலையில தந்த வான்ல போறன். நீ கிழமை நாளில என்ர காரை எடு. உனக்கென்ன குறை?" என்றான். கேட்ட சனத்துக்கு அது பெரிய தாராளமாகத் தெரிந்தது. அவனுடைய கார் சாம்பல் நிற டர்போ. கியர் கார், டிக்கிக்கு மேல் செட்டை மாதிரி ஒரு பலகை. அதைக் கழுவித் துடைக்கிற கவனத்தில் பாதியைக்கூட அவன் ஜெசிக்காவுக்குக் கொடுத்ததில்லை. அவளுக்கு ஒன்பது வயது. தகப்பனுக்குப் பக்கத்தில் இருக்கவே மாட்டாள்.

நேற்றுப் பூசை முடிந்து வருகிற வழியில் பெற்றோல் அடித்தான். இருபத்தொரு லீற்றர். ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வீடு இருக்கிற ஒனிஹங்காவிலிருந்து ஃபக்டரி இருக்கிற ஈஸ்ட் டாமாக்கிக்கு வந்து போக, பள்ளியையும் சேர்த்து, ஐந்து நாளைக்கு நூற்றைம்பது கிலோமீற்றர். அவனுடைய கார் நூறுக்குப் பதினான்கு லீற்றர் குடிக்கும். காரின் திரையில் அந்த எண்ணை விரலால் தட்டிக் காட்டினான். "வேலைக்கும் வீட்டுக்கும் காணும். ஞாயிற்றுக்கிழமை ஊசி சிவப்பில நிக்கவேணும். நீ பொய் சொல்லுவாய், ஊசி சொல்லாது."

பாங்க் கார்ட் அவனிடம். என் ஃபோன் எங்கே நிற்கிறது என்பதை அவனுடைய ஃபோன் காட்டும். ஆட்டைக் கட்டுகிறவன்கூடக் கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விடுவான்.

பெப்ரவரி 12, புதன்

இடது கை நடுவிரல் மடங்கவில்லை. கார்க் கதவு. தவறுதலாகத்தான் என்று அவனாகவே சொன்னான். நான் கேட்கவேயில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

மடு மாதாவே, ஊசி இறங்கவில்லை!

ஐந்து நாள் ஓடியும் தாங்கியில் எட்டு லீற்றர் மிச்சம் நிற்கிறது. திரையில் 8.7. காரணம் விளங்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. அவன் சிவப்பு லைற்றைக் கண்டாலும் கடைசி வரை மிதிப்பான், பிறகு பிரேக்கில் ஏறி நிற்பான். பச்சை விழுந்தால் பின் சீற்றில் பிள்ளையின் கழுத்து ஒடியப் பாய்வான். நான் லைற்றைத் தூரத்தில் கண்டவுடனேயே காலை எடுத்துவிடுவேன். கார் தன்பாட்டில் உருளும். இஞ்சின் கத்த முதல் கியரை மாற்றுவேன். டர்போ ஊசியை எழும்பவே விடமாட்டேன். இது கெட்டித்தனமில்லை, பயம். அவனுடைய காரில் ஒரு கீறல் விழுந்தால் எனக்கு எத்தனை விழும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஊசி சிவப்பில் நிற்காவிட்டால் என்ன கேட்பான்? "வேலைக்குப் போகேல்லையோ? ஆரின்ர காரில திரிஞ்சனி?"

வெள்ளிகளில் பன்னிரண்டரைக்கே எங்கள் லைன் நின்றுவிடும். மற்ற நாலு நாளும் அரை மணி கூடச் செய்வதால் சம்பளம் மாறாது, அதனால் அவனுக்கு இது தெரியாது. இன்றைக்குக் கார்த் தரிப்பிடத்தில் இருந்துகொண்டு, பெற்றோல் எரிந்து முடியட்டும் என்று இஞ்சினை முறுக்கினேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் ரோஸ்மேரி வந்து கண்ணாடியில் தட்டினாள். மலேசியாக்காரி, வாய் சும்மா இருக்காது.

"என்னா லா செய்ற? நிக்கிற வண்டிய போட்டு ஏன் இந்த முறுக்கு முறுக்குற? வண்டி மேல கோவமா, ஆள் மேல கோவமா?"

பல்லைக் காட்டிச் சமாளித்தேன். அரை மணியாகியும் ஊசி அசையவில்லை. ஃபோனை லொக்கரில் போட்டுவிட்டு மோட்டர்வேக்கு ஏறினேன். அவனைப் போலவே ஓடினேன். மிதி, பிரேக், மிதி, பிரேக். பாப்பாக்குரா வரை போய்த் திரும்பினேன். வாய்க்கு வந்த தூசணமெல்லாம் சொல்லிக் கத்தினன். முன்னால போன எல்லாக் காருக்குள்ளயும் அவன் இருந்தான். இடிச்சிருப்பன். உண்மையா இடிச்சிருப்பன்.

அந்த ஓட்டத்துக்கு மட்டும் திரையில் 16.2. ஊசி சிவப்புக்கு வந்துவிட்டது. இப்போது லொக்கருக்கு முன்னால் நின்று எழுதுகிறேன். அப்படி ஓடியது ருசியாக இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஏன் எரித்தேன்? அந்த எட்டு லீற்றரைப் பற்றி அவனுக்குத் தெரியாது. அது என்ர.

பெப்ரவரி 17, திங்கள்

நேற்றுப் பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் சாப்பாடு. சங்கத் தலைவர் குலசிங்கம் அண்ணை காரைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாக் குடிக்குமோ தம்பி?" என்றார். "பதினாலு அண்ணை. இது ஆம்பிளையள் ஓடுற கார், அப்பிடித்தான் குடிக்கும்" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த விதம் பிழையாம்.

வீட்டுக்கு வருகிற வழியில் அதற்குத் தண்டனை. சீற் பெல்ற்றைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். எண்பதுக்கு ஏற்றினான், பிரேக்கை அமத்தினான். நெற்றி முன்பலகையில் அடித்தது. திரும்ப ஏற்றினான், திரும்ப அமத்தினான். மூன்று தரம். திரும்பி ஜெசிக்காவைப் பார்த்தேன். தன் பெல்ற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

இரவு முழுக்க அந்த வாயைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். என்ர நெத்தி போகட்டும். இந்தப் பிள்ளையை நான் இவனிட்ட இருந்து எடுக்கவேணும். எடுக்காட்டி நான் என்ன தாய்?

பெப்ரவரி 21, வெள்ளி

ஃபோன் லொக்கரில். நான் மராய்டாய் கடற்கரையில் ஒரு மணித்தியாலம். போக வர ஐம்பது கிலோமீற்றர். ஒருவரும் அடிக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. திரையின் எண்ணை அழித்துவிட்டேன். அவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஓடி அதைத் திரும்பப் பதினான்காக்குவான்.

பெப்ரவரி 28, வெள்ளி

ஒடாஹுஹுவில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற இடம். ரோஸ்மேரிதான் விலாசம் தந்தாள். என் நெற்றியைப் பார்த்த அன்றைக்கே தந்தாள், போய்ச் சேர எனக்கு இரண்டு கிழமை.

தேவதர்ஷினி என்று ஒரு பிள்ளை, வக்கீல். இங்கேயே பிறந்தவள். தகப்பன் யாழ்ப்பாணம். தமிழைத் தேடித் தேடிக் கதைக்கிறாள்.

"அக்கா, நீங்க இண்டைக்கே சைன் பண்ணலாம். கோர்ட் அவருக்குச் சொல்லாமலே தடை ஓடர் தரும். ஹமில்டன்ல சேஃப் வீடு இருக்கு, நீங்களும் மகளும் இருக்கலாம். பெற்றோல்... நாங்க ஹெல்ப் பண்ணலாம்."

"பெற்றோல் என்னட்ட இருக்கு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்குச் சொல்லவும் வரவில்லை.

கையெழுத்து வைக்கவில்லை. பேனையை எடுத்தேன், வைத்துவிட்டேன். அவனுக்கு இன்னும் ஒரு சந்தர்ப்பம் என்று நினைத்தேனா? இல்லை. பயம்தான். "ஆதாரம் என்ன இருக்கு அக்கா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை. படம் எடுத்தால் ஃபோனில் அவன் பார்ப்பான். டொக்டரிடம் ஒவ்வொரு தரமும் படியில் விழுந்தேன் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

7.9! அவன் செத்தாலும் இந்த எண்ணைப் பார்க்கமாட்டான்.

மார்ச் 13, வியாழன்

நேற்று இரவு பருப்பில் உப்பில்லை. சட்டியோடு சுவரில் எறிந்தான். பிறகு என் தலைமயிரைப் பிடித்து அந்தச் சுவரில் முகத்தைத் தேய்த்தான். "நக்கு. உப்பிருக்கோ எண்டு பார்." கொதிக்கிற பருப்பு.

குசினியில் கத்தி கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது. ஓம், பார்த்தேன். எங்கே குத்தவேண்டும் என்றுகூட நினைத்தேன். ஜெசிக்கா வாசலில் வந்து நின்றாள். அவள் மட்டும் வந்திருக்காவிட்டால் இதை நான் மறியலில், கம்பிக்குப் பின்னால் இருந்து எழுதியிருப்பேன்.

"தேத்தண்ணி கொட்டிப்போட்டுது" என்று ரோஸ்மேரிக்குச் சொன்னேன். "உன் மூஞ்சியில பருப்பு வாசன அடிக்குது லா" என்றாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துவந்து பக்கத்தில் இருந்தாள்.

மார்ச் 24, திங்கள்

ஒரு கண்ணால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காருக்கு ஒயில் மாற்றப் போனான். தானேதான் மாற்றுவான். போன தரம் எத்தனை கிலோமீற்றரில் மாற்றினது என்று கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறான். இத்தனை நாளும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு அந்தத் துண்டையும் மீற்றரையும் பார்த்தான். இருக்கவேண்டியதைவிட ஐந்நூறு கிலோமீற்றர் கூடுதல்.

"எங்க போனனி?"

"ஒரு இடமும் போகேல்ல."

முதல் அடி காதில். அது இன்னும் கூவுகிறது. ஜெசிக்காவைக் குளியலறைக்குள் தள்ளி வெளியால் பூட்டினான்.

"ஊசி ஒவ்வொரு கிழமையும் சரியா நிண்டது. அப்ப இந்த ஐந்நூறுக்கும் ஆரடி பெற்றோல் அடிச்சுத் தந்தவன்? சொல்லு. ஆரவன்?"

அதற்குப் பிறகு காலால். நான் குசினி மேசைக்குக் கீழே போய்விட்டேன், மேசையை இழுத்து எறிந்துவிட்டு உதைத்தான். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். ஒருத்தனும் அடித்துத் தரவில்லை, நான் மெதுவாக ஓடினேன், உங்கட இருபத்தொரு லீற்றரில்தான் ஓடினேன், எனக்கு நூறுக்கு எட்டுத்தான் போகும் என்றேன்.

நின்றுவிட்டான். ஒரு கணம் நம்பிவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு சிரித்தான். "எட்டோ? என்ர காரோ? நான் ஓடிப் பதினாலு. நீ ஓடி எட்டு?" இடுப்புப் பட்டியைக் கழற்றினான். அடித்த அடியில் பொய்க்கு எத்தனை, அந்த எட்டுக்கு எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. குளியலறைக் கதவை ஜெசிக்கா உள்ளிருந்து கையால் அடித்துக்கொண்டேயிருந்தாள்.

நேற்று ஏழு லீற்றர்தான் அடித்தான். "ஐம்பது கிலோமீற்றர். ஒண்டரை நாளைக்குக் காணும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான்தான் அடிப்பன். இனி எங்க போறாய் எண்டு பாப்பம்."

இன்று காலை லைனில் நிற்க முடியவில்லை. ரோஸ்மேரி என்னைத் தன் அறைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அழுதாள். தன் ஃபோனிலேயே தேவதர்ஷினிக்கு எடுத்துத் தந்தாள். கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹமில்டன் வீட்டில் இன்றைக்கே இடமிருக்கிறதாம். நூற்றிருபது கிலோமீற்றர்.

"வா, நானே வண்டிக்கு ஃபுல் டேங்க் அடிச்சுத் தர்றேன்" என்றாள் ரோஸ்மேரி.

"வேண்டாம்."

"பைத்தியமா லா உனக்கு? ஏழு லிட்டர்ல எங்க போவ?"

"எவனோ பெற்றோல் அடிச்சுத் தந்தவன் எண்டுதானே என்னை அடிச்சவன். இண்டைக்கு நான் ஒரு சொட்டு வாங்கினாலும் அவன் சொன்னது உண்மையாப் போடும். வாங்கமாட்டன். செத்தாலும் வாங்கமாட்டன்."

அவள் என்னைத் திட்டினாள். பிறகு தன் ஃபோனை என் கையில் திணித்து, "எங்க நின்னாலும் ஆஃபீஸுக்குக் கூப்பிடு, நான் வந்து தூக்குறேன்" என்றாள். என் ஃபோன் லொக்கரிலேயே கிடக்கட்டும். கொப்பியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

மார்ச் 25, செவ்வாய். ஹமில்டன்

வந்துவிட்டோம்.

நேற்றுப் பள்ளியில் இரண்டு மணிக்கே ஜெசிக்காவை எடுத்தேன். என் முகத்தைப் பார்த்தாள், ஒரு கேள்வியும் கேட்காமல் பையைத் தூக்கினாள். புறப்படுமுன் டிக்கியைத் திறந்து அவனுடைய பெரிய ஸ்பீக்கர் பெட்டி, இரும்புச் சாமான், உதிரிச் சில்லு எல்லாவற்றையும் பள்ளிக்கூட வேலியோரம் இறக்கி வைத்தேன். பாரம் குறைந்தால் பெற்றோல் குறையும். ஓம், அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஏசி போடவில்லை. கண்ணாடிகளை மூடினேன், வேர்த்து ஊற்றியது. மோட்டர்வேயில் ஒரு லொறிக்குப் பின்னால், கிட்டப் போகாமல், அதன் வேகத்திலேயே போனேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், கையைக் காட்டித் திட்டினார்கள். அடியுங்கோடா, எனக்கு அடி புதிசில்லை. வழியில் பொம்பே என்கிற மேட்டில் லொறியோடு சேர்ந்து ஊர்ந்தேன். இறக்கத்தில் கியரிலேயே விட்டுவிட்டுக் காலை எடுத்தேன். மேர்சர் வருமுன் ஊசி சிவப்பில் படுத்து, மஞ்சள் விளக்கு எரிந்தது.

அதற்குக் கீழே தாங்கியில் எவ்வளவு கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத்தான் தெரியும். இன்னும் எழுபது கிலோமீற்றர். கால் நோகத் தொடங்கியது, முழங்காலில் அவன் உதைத்த இடம். ஆனாலும் காலை ஒரு மயிரிழை அசைக்கவில்லை. எண் 7.4, 7.3, 7.2. ஜெசிக்கா முன் சீற்றில் இருந்து அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். "குறையுது அம்மா" என்றாள், தமிழில். இங்கிலீஷ் தவிர வேறொன்றும் பேசாத பிள்ளை.

ஐந்து மணிக்குத் தேவதர்ஷினி சொன்ன வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவைத் திறந்த பெண் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டாள். நான் அந்தப் படியிலேயே இருந்து குழறி அழுதேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பொலிஸ் வந்து காரைக் கொண்டு போய்விட்டது. கார் அவனுடைய பெயரில், அதனால் அவனிடமே போகிறது. கோர்ட் தற்காலிகத் தடை உத்தரவு கொடுத்திருக்கிறது. அவன் எதிர்க்கிறானாம். ஜெசிக்காவைத் தன்னிடம் தரவேண்டுமாம். நான் நடத்தை கெட்டவளாம்.

என் சொல்லுக்கும் அவன் சொல்லுக்கும் நடுவில்தான் பிள்ளை நிற்கிறாள். அவனுக்குக் குலசிங்கம் அண்ணையும் சங்கமும் இருக்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

கோர்ட்டுக்கு அவன் எழுதிக் கொடுத்த சத்தியக் கடதாசி வந்தது. பதினொரு பக்கம். தேவதர்ஷினி ஃபோனில் வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். அடித்ததே இல்லையாம். நான் கட்டுப்படுத்த முடியாத பெண்ணாம்.

நாலாம் பக்கத்தில் வாசிப்பை நிறுத்தினாள். "அக்கா, இதை நான் சரியாத்தான் வாசிக்கிறனா?"

எனக்கு ஒரு கள்ள ஆள் இருந்தான் என்று நிரூபிக்க எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான். மனைவிக்கு வேலைக்கும் வீட்டுக்கும் மட்டும் போதுமான பெற்றோலைக் கிழமைக்கு இருபத்தொரு லீற்றர் அளந்து அடித்தது, ஒவ்வொரு ஞாயிறும் ஊசியைப் பார்த்தது, பாங்க் கார்ட்டைத் தன்னிடம் வைத்திருந்தது, ஃபோனைப் பின்தொடர்ந்தது, சந்தேகம் வந்ததும் ஏழு லீற்றராகக் குறைத்தது. திகதியோடு. பெற்றோல் ரசீதுகளையும் இணைத்திருக்கிறான். கார் நூறுக்குப் பதினான்கு லீற்றர் எடுக்கும் என்றும், அந்த ஏழு லீற்றரில் ஒருபோதும் ஹமில்டன் போக ஏலாது என்றும், ஆகவே ஓர் ஆண் உதவி செய்திருக்கிறான் என்றும் சத்தியம் பண்ணியிருக்கிறான். கார் பதினான்கு குடிக்கும் என்று தனக்குத் தெரியும் என குலசிங்கம் அண்ணையின் கடிதம் வேறு.

"உண்மையா ஒருத்தரும் பெற்றோல் தரேல்லையா, அக்கா?"

"ஒரு சொட்டும் இல்லை."

"அவர் உங்களைக் கட்டி வச்சிருந்ததை எப்பிடி ப்ரூவ் பண்ணுறது எண்டுதான் நான் நாலு மாசமா யோசிச்சனான். அவரே எழுதி சைன் பண்ணிட்டார்" என்றாள்.

ஓகஸ்ட் 21, வியாழன்

இன்று வழக்கு. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மறைப்புப் பலகை, அதற்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். அவனுடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

என்னிடம் எப்படி ஓடினேன் என்று கேட்டார்கள், சொன்னேன். லைற், கியர், இறக்கம் எல்லாம். அவன் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பொய்! அந்தக் கார் அப்பிடி ஓடாது!" என்று கத்தினான். நீதிபதி அம்மா அவனை இருத்தினார். பிறகு அவனுடைய முறை. நாலாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு நீதிபதி அவனிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: பெற்றோலை ஏன் அளந்து அடித்தீர்கள்?

அவன் யோசிக்கவேயில்லை. மொழிபெயர்ப்பாளருக்கும் காத்திருக்கவில்லை.

"அளக்காட்டி அவள் போயிருப்பாள்."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். தேவதர்ஷினி தன் கேள்விக் கடதாசிகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். உத்தரவு நிரந்தரமானது. பிள்ளை என்னோடு.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது ஜெசிக்கா பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தாள். அப்பா பொய் சொன்னாரா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"கனக்கச் சொன்னவர். ஆனா கடைசியில ஒரு உண்மை சொன்னார்" என்றேன்.

எனக்கும் ஒரு துண்டு பூசித் தந்தாள்.